ரோட்டில் நின்ற தாய்மாமன்

நாவலப்பிட்டி
4-8-1935

மச்சான் ஜமால்தீனுக்கு இராமையா எழுதுவது.

இவ்விடம் நான் சுகம். யாருடைய கிருபையாலும் அல்ல, காலையும் மாலையும் குடிக்கும் சுக்குக் கஷாயத்தால். அங்கே நீரும் என் தங்கை மூக்காயியும் மருமகள் றமீலாவும் சுகமா என்று அறிய வேண்டும். போன மார்கழிக் காய்ச்சலில் உம்முடைய தாயாரை இழந்த வீடு அது. மூக்காயியைக் கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்கச் சொல்லும்.

றமீலாவுக்குக் கண்டியில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டீராம். இதை எனக்குச் சொன்னவர் நீர் அல்ல. பக்கத்து வீட்டுக் கறுப்பையா கண்டியில் வேட்டி எடுக்கப் போனபோது கடைக்காரர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு வந்து சொன்னான். என் ஒரே தங்கையின் ஒரே மகளுக்குக் கல்யாணம். அது எனக்கு வேட்டிக்கடை வழியாகத் தெரிய வருகிறது.

நான் எந்தச் சாமியையும் நம்பாதவன். நாவலப்பிட்டிச் சந்தையில் மேடை போட்டு அதைச் சொல்கிறவன். அது உமக்குத் தெரியும். ஆனால் தாய்மாமன் என்பது சாமி அல்ல. பல் விழுந்த வாயோடு உயிரோடு இருக்கிற ஆள். மருமகளுக்கு முதல் தட்டு, முதல் சேலை தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். அந்தச் சீரை நான்தான் கொண்டுவருவேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். கலகெதரச் சந்தியில் நடந்த எலெக்ஷன் கூட்டத்தில், கடல் தாண்டி வந்த தோட்டக் கூலிக்கு வோட்டு எதற்கு என்று பேசினீராம். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பீர். அந்தச் சோற்றை ஆக்கியவள் மடுல்கெல்லத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அதை ஞாபகப்படுத்தவே எழுதுகிறேன்.

கல்யாணத் தேதியை எழுதும்.

இராமையா


கலகெதர
19-8-1935

மதிப்புக்குரிய மச்சான் இராமையா அவர்களுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் கஷாயத்தால் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். அந்தக் கஷாயத்தையும் அவனே உண்டாக்கினான் என்பது என் எண்ணம். உங்கள் தங்கை சகீனா சலாம் சொல்லச் சொன்னாள்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம். மாப்பிள்ளை மஹ்மூத், கண்டி ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் மகன். நல்ல பிள்ளை. ஹாஜியார் மார்க்கத்தில் மிகவும் கண்டிப்பானவர். நீங்கள் மேடையில் பேசியதெல்லாம் கண்டி வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே உங்கள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள் என்றால் பரவாயில்லை, திட்டினார்கள்.

சகீனாவின் பிறந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை என்று நான் பெண் பேசும்போது சொல்லியிருக்கிறேன். கலகெதரவில் எல்லோருக்கும் உண்மை தெரியும், கண்டிக்குத்தான் தெரியாது. ஆகையால் நீங்கள் என் நண்பராக வாருங்கள். முன்வரிசையில் கதிரை போடுகிறேன். தலைக்கு ஒரு தொப்பி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீர் வேண்டாம்.

கூட்டத்தில் பேசியது என் கருத்து. அதை நான் மாற்றப்போவதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் வோட்டு என்றால், இங்கேயே ஊறிக் கிடக்கிற எங்களைப் போன்ற சிறு கூட்டத்தின் குரல் எடுபடாது. வீட்டுச் சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜமால்தீன்


நாவலப்பிட்டி
25-8-1935

மச்சான் ஜமால்தீனுக்கு,

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் மழைக்கு வலிக்கிறது. உங்கள் சுகத்தை எழுதும்.

நண்பனாக வரச் சொல்கிறீர். உமக்கு நண்பன் வேண்டுமென்றால் கலகெதரச் சந்தையில் பார்த்துக்கொள்ளும். நான் அந்த உத்தியோகத்துக்கு மனுப்போடவில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சம்பள நாட்களில் முதுகில் புடவை மூட்டையோடு மடுல்கெல்லத் தோட்டத்துக்கு வந்து போனீர். தாய் தகப்பன் செத்த பிறகு ஆறு வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை, பதினெட்டு வயதில் அந்த மூட்டைக்குப் பின்னால் நடந்து போனாள். அவள் பெயரை மாற்றினீர்கள். மாற்றுமுன் வளர்த்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மூன்று வருஷம் உங்கள் வாசல் பக்கம் நான் வரவில்லை. றமீலா பிறந்த பிறகு வந்தேன். வந்த நாளில் உம்முடைய தாயார் ஆஸியா உம்மா, தொப்பி இருக்கிறதா இல்லையா என்று என் தலையைப் பார்க்கவில்லை. "பசியோட வந்திருப்பீங்க, முதல்ல திண்ணுங்க" என்றார். அவரை அடக்கம் செய்தபோது மையவாடி வேலிக்கு வெளியே நான் மழையில் நின்றேன். உள்ளே விடவில்லை என்று சண்டை பிடித்தேனா? அது உங்கள் இடம், உங்கள் வழக்கம். வெளியே நின்றேன். ஆனால் உறவுக்காரனாக நின்றேன். யாரோ ஒருவனாக நிற்கவில்லை.

ஏழு தட்டு கொண்டுவருவேன். தேங்காய் உடைக்க மாட்டேன், குங்குமம் வைக்க மாட்டேன். உங்களுக்காக அல்ல, எனக்கும் அவை ஆகாது. சேலை, வளையல், அரிசி, பழம், கற்கண்டு. இவற்றுக்கு மதம் கிடையாது.

தொப்பி வைக்க மாட்டேன். கோயிலில் திருநீறு வைக்காத தலை இது.

நீர் என்னை ஒளிக்கப் பார்ப்பது மூக்காயிக்குத் தெரியுமா? அவள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

இராமையா


நாவலப்பிட்டி
6-10-1935

மச்சான் ஜமால்தீனுக்கு,

நான் சுகம். ஆறு வாரமாகப் பதில் இல்லை. கலகெதரவில் தபால் கந்தோரை மூடிவிட்டார்களா?

சேலை எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம், சரிகைக் கரை. கறுப்பையாவின் மனைவி வேலாயி பார்த்துவிட்டு, "மருமகளுக்கு இது போதாதுண்ணே, இன்னொண்ணும் எடுங்க" என்றாள். இன்னொன்றும் எடுத்தேன்.

வோட்டர் இடாப்பில் பெயர் பதிய தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். பெயர் சொன்னால் துரை கோபிப்பார் என்று பயப்படுகிறார்கள். துரைக்குப் பயப்படுகிற ஜனத்தையும் சம்பந்திக்குப் பயப்படுகிற உம்மையும் ஒரே மாதத்தில் பார்க்கிறேன். அவர்களிடம் போட்ட சத்தம் உமக்கும் சேர்த்துத்தான்.

இராமையா


கலகெதர
20-10-1935

மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசிப் பாருங்கள்.

சகீனாவைக் கேட்டு எழுதச் சொன்னீர்கள். கேட்டேன். மகளின் வாழ்க்கை பெரிது, இந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் வராமல் இருப்பதே நல்லது என்று அவள் சொல்கிறாள். அவள் சொற்படியே இதை எழுதுகிறேன்.

கல்யாணம் முடிந்து ஆறுமாதம் கழிந்தபின் றமீலாவும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வரும்போது, நீங்கள் வந்து பார்க்கலாம்.

ஜமால்தீன்


கலகெதர
3-11-1935

பிஸ்மில்லாஹ்.

அன்புள்ள அண்ணனுக்குச் சகீனா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். மாமி ஓதக் கற்றுத் தந்தபோது, ஓதும் அரபு எழுத்திலேயே நம் பேச்சை எழுதவும் கற்றுத் தந்தார். இதுவரைக்கும் எனக்காக மாமி எழுதினார் அல்லது மகள் எழுதினாள். என் கையால் நான் யாருக்கும் எழுதியது இல்லை. இதுதான் முதல். பக்கத்து வீட்டு ஜெஸீமா தபாலில் போடுவாள். இந்த எழுத்து உங்களுக்குத் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மச்சான் என்னைக் கேட்கவும் இல்லை. கடிதத்தை முடித்து உறையில் போட்ட பிறகு, "அண்ணன் வர வேணாண்டு ஒன்ட பேர்ல எழுதிட்டேன்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் கெட்டவர் அல்ல அண்ணே. ஹாஜியார் வீட்டிலிருந்து ஆள் வந்தால் கதிரையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கிறது.

நான் சகீனாதான். மூக்காயி என்று நீங்கள் எழுதுவதைத் தடுக்க மாட்டேன், ஆனால் நான் சகீனா. எனக்கு அல்லாஹ் இருக்கிறான். இல்லை என்று நீங்கள் மேடையில் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கேட்கிறேன், கேட்காதே என்று நீங்கள் சொன்னாலும் கேட்பேன். ஆனால் எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று சொல்லி என் மகளைக் கட்டிக்கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நான் மண்ணிலிருந்து முளைத்தவள் அல்ல. காய்ச்சலில் ஏழு நாள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்த ஆள் இருக்கிறார்.

நீங்கள் வாருங்கள். சண்டை போட வேண்டாம். கூப்பிடாமல் உள்ளே வரவும் வேண்டாம். ரோட்டில் நில்லுங்கள். றமீலாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மற்றது அவள் பாடு.

உங்கள் தங்கை
சகீனா


நாவலப்பிட்டி
17-11-1935

மூக்காயிக்கு அண்ணன் எழுதுவது. றமீலா, இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. உன் வாப்பா கேட்டால் அவருக்கும் காட்டு. ஒளித்துப் படிக்க வேண்டிய கடிதம் நான் எழுதுவதில்லை.

நான் சுகம். முழங்காலும் சுகம்.

உன் கடிதத்தைப் பிரித்ததும் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் முப்பது வயதில் ரெயில்வேயில் வேலை பார்த்தபோது பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துத் தமிழ் எழுத்துக் கற்றவன். பழைய பத்திரிகைகளில் இங்கிலீஷும் கொஞ்சம் கற்றேன். என் சொந்தத் தங்கை எழுதிய தமிழ் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

இங்கே பள்ளிவாசலில் றவூப் லெப்பை இருக்கிறார். போன பங்குனியில் நான் மேடையில் பேசியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் பதில் பேசியவர். அவரிடமே போனேன். படியில் நின்று பார்த்தார்.

"அல்லாஹ் இல்லேண்டு சொன்னவர் இங்க என்னத்துக்கு வந்தீங்க?"

"இல்லேன்னு இன்னைக்கும்தான் சொல்றேன். இதுல எழுத்து இருக்குல்ல, அதப் படிங்க."

சிரித்துவிட்டார். படியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். மச்சான் உன் பெயரில் எழுதியதைப் பற்றி வந்ததும் நிறுத்திவிட்டார். "இது தங்கச்சி அண்ணனுக்குச் சொல்ற பேச்சு. நடுவில நான் நிக்கிறது சரியில்ல" என்று கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். அப்படியென்றால் நான் எப்படிப் படிப்பது என்று கோபப்பட்டேன். "எழுத்தக் கத்துக்கங்க. அரபு எழுத்து இருவத்தெட்டும் தெரிஞ்சா, நம்ம பேச்சுக்கு மேல கொஞ்சம் புள்ளி வெச்சிருக்கம், அவ்வளவுதான்" என்றார்.

ஒன்பது நாள் போனேன். தினமும் மாலையில், தொழுகை முடிந்த பிறகு. அவர் கற்றுத் தந்ததற்காக என் கருத்தில் ஒரு எழுத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை என்று கடைசி நாளில் சொன்னேன். "நானும் மாத்திக்கல்ல. தையில மேடை போடுங்க, வந்து கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன்" என்றார். மீதியை என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அல்லாவிடம் எனக்காகக் கேட்காதே என்று சொல்ல மாட்டேன். நீ கேட்பது உன் பாடு. அவர் தர மாட்டார் என்பது என் பாடு.

சொன்னபடி ரோட்டில் நிற்பேன். கூப்பிடும்வரை உள்ளே வர மாட்டேன். ஆனால் யாராவது வந்து நீ யார் என்று கேட்டால், நான் யார் என்று சொல்வேன்.

இராமையா


கலகெதர
9-1-1936

மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது.

நீங்கள் எழுதிய கடிதத்தை றமீலா என் முன்னாலேயே வாசித்தாள். நான் செய்தது தவறு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் என் நிலைமை மாறவில்லை. நீங்கள் வர வேண்டாம். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு மணிக்கு வருவார்கள். வர வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் நேரத்தையும் எழுதுகிறேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது.

ஜமால்தீன்


கலகெதர
26-1-1936

மச்சான் இராமையா அவர்களுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்களுக்கும் உங்களோடு தட்டுச் சுமந்து வந்தவர்களுக்கும் வெயிலால் ஒன்றும் ஆகவில்லையே? வேலாயி அக்காவின் கால் கொப்புளம் ஆறிவிட்டதா? சகீனா கேட்கிறாள்.

அன்றைக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டபோதும் சொல்லாமல் போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் பத்து மணியிலிருந்து ரோட்டில் நிற்பதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல மூன்று தரம் வாசலுக்கு வந்து போனேன். ஹாஜியாரின் கார்கள் உங்களைத் தாண்டித்தான் வந்தன.

நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க எங்கள் ஊர் லெப்பையும் நானும் இரண்டு சாட்சிகளும் அறைக்குப் போனோம். சாட்சிகளில் ஒருவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. கன்னிப்பெண் வாய் திறந்து சரி என்று சொல்ல வெட்கப்படுவாள். அவள் பேசாமல் தலையைக் குனிந்திருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். எந்தக் கல்யாணத்திலும் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

லெப்பை கேட்டார். றமீலா தலையை நிமிர்த்தினாள். "வாப்பா, என்ட மாமா ரோட்டுல நிக்கிறார். அவர் உள்ள வந்த பொறகு கேளுங்க" என்றாள்.

லெப்பை என்னைப் பார்த்தார். "புள்ள பேசிட்டா. இனி சும்மா இருந்தாண்டு நான் எழுத ஏலாது" என்றார். சகீனா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

பெரியப்பா வெளியே போய் ஹாஜியாரிடம் சொல்லிவிட்டார். நாங்கள் வரும்போது சபை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. யார் அந்த மாமா என்று ஹாஜியார் கேட்டார். ஒரு நண்பர் என்று சொல்ல அந்த நேரத்திலும் என் நாக்கு போனது. உண்மை அதுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் அறைக்குள் என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ட பொண்டாட்டிர கூடப்பொறந்த நானா, அவட அண்ணன். மடுல்கெல்லத் தோட்டத்து ஆக்கள். அல்லாஹ்வும் இல்ல, சாமியும் இல்லேண்டு மேடையில பேசுறவர். எலெக்ஷன்ல எனக்கு எதிர்ப்பக்கம். காலையில இருந்து வெயில்ல நிக்கிறார். நான்தான் வர வேணாண்டு சொன்னேன்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று தெரியும்.

ஹாஜியார், "அவர் பேசுறது எனக்குப் புடிக்காது. நீங்க மறைச்சது அதவிடப் புடிக்கல்ல" என்றார். பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து காரில் ஏறிக் கண்டிக்குப் போய்விட்டார்கள். சாப்பிடவில்லை. நீங்கள் பார்த்த கார் அதுதான். ஹாஜியார் போகவில்லை. மாப்பிள்ளை மஹ்மூத்தான் எழுந்து, "மாமாவக் கூட்டிட்டு வாங்க, நேரமாகுது" என்றான்.

அதற்குப் பிறகு நான் ரோட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். தொப்பியை நீட்டினேன். வாங்கவில்லை. சேலைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தீர்கள். வெறுந்தலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உங்கள் பிடிவாதத்துக்கு அல்லாஹ்தான் கூலி கொடுக்க வேண்டும்.

நீங்கள் போய் உட்கார்ந்த பிறகு லெப்பை மறுபடியும் கேட்டார். றமீலா தலையைக் குனிந்தாள்.

பெரியப்பாவுக்கு இன்னும் எங்கள் வீட்டோடு பேச்சில்லை. அது என் கணக்கில் இருக்கட்டும்.

ஜமால்தீன்


நாவலப்பிட்டி
2-2-1936

மச்சான் ஜமால்தீனுக்கு,

நான் சுகம். வேலாயியின் கால் ஆறிவிட்டது. உங்கள் வீட்டுப் புரியாணியைப் பற்றி லயத்துக்கு லயம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சபையில் சொன்னதற்கு நன்றி எழுத மாட்டேன். ஆகஸ்ட் மாதம் சொல்லியிருக்க வேண்டியதை ஜனவரியில் சொன்னீர். ஐந்து மாதம் தாமதம். ரெயில்வேயில் இதற்கு அபராதம் உண்டு.

மஹ்மூத் என் கையைப் பிடித்து, "மாமா, நீங்க சொல்றது எல்லாம் பிழை, ஆனா வீட்டுக்கு வாங்க" என்றான். நல்ல பிள்ளைதான். போவேன்.

இப்போது வேறு விஷயம். வருகிற பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கலகெதரச் சந்தியில் எங்கள் ஆளுக்கு வோட்டுக் கேட்டுப் பேச வருகிறேன். நீர் வோட்டுக் கேட்கிற முதலாளிக்கு எதிராக. தோட்டக் கூலிக்கு வோட்டு எதற்கு என்று நீர் கேட்ட அதே இடத்தில், எதற்கு என்று நான் சொல்வேன். உம்முடைய பெயரையும் சொல்வேன், என் மச்சான் என்றும் சொல்வேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

சந்தியில் உம்முடைய கடை வாசல்தான் அகலம். ஏறி நின்று பேச ஒரு மேசை வேண்டும். தர முடியாது என்றால் அரிசி மூட்டையில் ஏறி நிற்பேன்.

பேசி முடிந்ததும் மூக்காயி கையால் சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் போவேன்.

இராமையா


கலகெதர
8-2-1936

மச்சான் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். றமீலா போன கிழமை வந்து போனாள்.

மேசை தருகிறேன். பலா மரத்து மேசை, ஆடாது. நீங்கள் பேசுவது அத்தனையும் பிழை என்பதால் மேசையாவது உறுதியாக இருக்கட்டும். நீங்கள் இறங்கியதும் அதே மேசையில் நான் ஏறிப் பதில் சொல்வேன். முழங்காலைக் காரணம் காட்டிச் சீக்கிரம் பஸ்ஸுக்குப் போய்விடக் கூடாது.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கட்சிக்காரர்கள் சிலர் அன்றைக்கு உங்கள்மேல் கல்லெறியப் போவதாகக் கடையில் வைத்தே பேசினார்கள். நீங்கள் வராமல் இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வர வேண்டாம் என்று இந்த முறை எழுதவில்லை. மேசைக்கு முன்னால் என் கதிரையைப் போட்டு, நீங்கள் பேசி முடியும்வரை சனத்தைப் பார்த்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். எறிகிறவன் முதலில் தன் கட்சிக்காரனின் மண்டையைக் குறி பார்க்க வேண்டும்.

சகீனா என்ன கறி வேண்டும் என்று கேட்கிறாள்.

ஜமால்தீன்